மூச்சை மறக்கடிக்கும் மாத்திரை

திருச்சி மாவட்டத்து வையம்பட்டி போன்ற சிற்றூரில் போதை என்றால் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது சாராயமும் கஞ்சாவும்தான். ஆனால் சில ஆண்டுகளாகத் திருச்சி, கோவை, சென்னை என்று எங்கும் காவல்துறை மூட்டையாகப் பறிமுதல் செய்வது வலி மாத்திரைகளை. அவற்றில் முக்கியமானது டேபென்டடால். அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு மருத்துவர் எழுதித் தரும் அதே மருந்து. இளைஞர்கள் சிலர் அதைக் கரைத்து ரத்தக்குழாயில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஒரு மாத்திரை எப்படி ஆளை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது? 1973இல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் இருவரும் மூளையில் ஒரு விந்தையைக் கண்டார்கள். அபினிலிருந்து வரும் மார்ஃபின் போய் ஒட்டிக்கொள்வதற்கென்றே நரம்பணுக்களின் மேல் ஒரு புரதம் நிற்கிறது. இப்படி வெளியிலிருந்து வரும் மூலக்கூறை ஏற்று, உள்ளே செய்தி அனுப்பும் புரதத்துக்கு ‘ஏற்பி’ என்று பெயர். எங்கோ வயலில் பூக்கும் கசகசாச் செடியின் பாலான அபினுக்கு மனித மூளை ஏன் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது? இரண்டே ஆண்டுகளில் விடை வந்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் இருவரும், மூளை தானே சுரக்கும் வலிநிவாரணியைப் பிரித்தெடுத்தார்கள். அந்த இடம் அதற்கானது. அபின், ஹெராயின், டேபென்டடால் எல்லாம் அதில் அத்துமீறி உட்காருபவை.

இதே ஏற்பிகள் வலிப் பாதையில் மட்டும் இருந்திருந்தால் கதை வேறு. மூளைத்தண்டில், நம் மூச்சுக்குத் தாளம் போடும் நரம்பணுக் கூட்டத்திலும் இவை இருக்கின்றன. நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு முறை, ஒரு நாளைக்குச் சுமார் 20,000 முறை, நாம் தூங்கும்போதும் விடாமல் மூச்சை இயக்குபவை அவை. மருந்து அளவு மீறினால் தாளம் தளர்கிறது. கூடவே, ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதைக் கண்டு அலறும் காவலும் மழுங்குகிறது. அதனால் மூச்சுத் திணறல் என்ற தவிப்பே வருவதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் அந்தக் கரகரப்பான மூச்சைக் குறட்டை என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

உடல் சும்மா இருப்பதில்லை. நாள்தோறும் மருந்து வந்துகொண்டிருந்தால், நரம்பணு தன் ஏற்பிகளில் சிலவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது, மற்றவற்றின் குரலைத் தணிக்கிறது. பழைய அளவு போதாமல் போகிறது. இதைத் ‘தாங்குதிறன்’ என்கிறார்கள். அச்சமூட்டும் நுணுக்கம் ஒன்று இதில் உண்டு: இன்பத்தைத் தாங்கும் திறன் சீக்கிரம் ஏறுகிறது, மூச்சடைப்பைத் தாங்கும் திறன் மெல்லத்தான் ஏறுகிறது. இன்பத்தைத் துரத்தி அளவைக் கூட்டக் கூட்ட, போதைக்கும் சாவுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறுகிக்கொண்டே போகிறது.

ஊசியில் ஏற்றுபவருக்கு ஆபத்து மருந்தால் மட்டும் வருவதில்லை. மாத்திரையில் மருந்து கொஞ்சம்தான். மீதி அதற்கு உருவம் தரும் டால்க், செல்லுலோஸ் போன்ற நிரப்புப் பொருள்கள். வயிற்றுக்கு அவை தீங்கற்றவை. ரத்தத்திலோ அவை கரைவதில்லை. ரத்தக்குழாயிலிருந்து இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய், தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நுண்குழாய்களில் அடைத்துக்கொள்கின்றன. நுரையீரல் அவற்றைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. அந்தத் தழும்பு பிறகு போவதில்லை.

தழும்பு போகாவிட்டாலும், நின்ற மூச்சை மீட்க முடியும். அதில்தான் மருந்தியலின் சாமர்த்தியம் என்னை அசர வைக்கிறது. கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, நலாக்சோன் என்ற மருந்து செய்வது அதையேதான். ஏற்பியில் போய்ப் படுத்துக்கொள்ளும். தானும் ஒன்றும் செய்யாது, வேறு யாரையும் உட்கார விடாது. ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஹெராயினையும் எழுப்பிவிடும். ரத்தக்குழாயில் போட்ட இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுபோன மூச்சு திரும்புகிறது. ஆனால் அதன் வேலை ஒரு மணி நேர அளவில் தளர்ந்துவிடும் என்பதால், எழுந்து உட்கார்ந்தவரை உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

பியூப்ரினார்ஃபின் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அது ஏற்பியை அரைகுறையாகத்தான் தூண்டும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் மூச்சை மேலும் அழுத்துவதில்லை. மருந்து கிடைக்காதபோது வரும் உடல்வலி, வயிற்றுப்போக்கு, சிலிர்ப்பு எல்லாம் அடங்க அந்த அளவே போதும். ஆள் வேலைக்குப் போகலாம். அதையும் கரைத்து ஊசியில் ஏற்றினால்? அதற்காகவே மாத்திரையில் நலாக்சோனைக் கலந்திருக்கிறார்கள். நாக்கடியில் வைத்தால் நலாக்சோன் ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை. ஊசியில் போனால் அது விழித்துக்கொண்டு, போதைக்குப் பதில் கடும் அவதியைத் தருகிறது.

சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடிப் பேர். ஐம்பது பேருக்கு ஒருவர். இத்தனை பேரையும் சட்டம் என்ன செய்வது? 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, உட்கொள்வதையே குற்றம் என்கிறது. ஹெராயினுக்கு ஓராண்டு வரை சிறை. டேபென்டடாலின் உறவான ட்ரமடாலை 2018இல் இச்சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

உயிரியலின் கண்கொண்டு பார்த்தால் சிறை விபரீதமான ஏற்பாடு. உள்ளே மருந்து இல்லாதபோது ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன, ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. விடுதலையான அன்று பழைய அளவைப் போட்டுக்கொண்டால் மூச்சு நிற்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2007இல் வெளியான ஆய்வு, வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அளவு மீறிய போதையால் சாகும் வாய்ப்பு பொதுமக்களைவிட 129 மடங்கு என்று கண்டது.

போர்ச்சுகல் 2001 ஜூலையில் வேறு வழி எடுத்தது. பத்து நாள் சொந்த உபயோகத்துக்கான அளவு வரை வைத்திருப்பவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் மூவர் குழுவின் முன் உட்கார வைத்தது. விற்பவருக்குச் சிறை தொடர்ந்தது. சிகிச்சையையும் கூடவே பெருக்கியதால் ஊசி வழி எச்ஐவி பரவல் பெரிதும் குறைந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2021இல் குற்றத் தண்டனையை நீக்கியது, சிகிச்சைக்கான பணம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது, அதற்குள் ஃபென்டனில் என்ற வீரியம் மிக்க செயற்கை வலி மருந்து வந்து புகுந்தது. 2024 செப்டம்பரில் போதைப்பொருள் வைத்திருப்பதை மீண்டும் குற்றமாக்கிவிட்டார்கள். தண்டனையை நீக்குவது பாதி வேலைதான் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். தண்டனையை மட்டும் இறுக்கினாலும் விலை உண்டு: 1985க்குப் பிறகு நம் நாட்டில் உரிமக் கெடுபிடியால் புற்றுநோயாளிகளுக்கே மார்ஃபின் கிடைக்காமல் போனது. 2014 திருத்தம் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பலருக்கும் தெரியாத கதவு ஒன்று நம் சட்டத்திலேயே இருக்கிறது. 64ஏ பிரிவின்படி, உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானே முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் அவர்மேல் வழக்கு நடத்த முடியாது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். வையம்பட்டிப் பையன் ஒருவன் இந்தக் கதவைத் தட்ட வேண்டுமானால், அருகிலுள்ள மணப்பாறை அரசு மருத்துவமனை அளவிலேயே நலாக்சோனும் பியூப்ரினார்ஃபினும் எந்நேரமும் கையிருப்பில் இருக்க வேண்டும். காவல் நிலையத்தில் இருப்பவர்களுக்கு 64ஏ தெரிந்திருக்க வேண்டும். அதுவரை வீட்டார் அழைக்கக் கட்டணமில்லா உதவி எண் 14446.