ஆனைமேல் வரும் ஏடு

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் மேல்வகுப்பு மாணாக்கருக்கு வரலாறு கற்பித்து வருகிறேன். அண்மையில் ஒரு மாணவி, இலண்டன் பக்கிங்ஹாம் அரண்மனை வாயிலில் நடைபெறும் காவல் மாற்றுச் சடங்கின் படமொன்றைக் கொண்டுவந்து காட்டினாள். செஞ்சட்டையும் கரடித்தோல் தொப்பியும் அணிந்த வீரர் அளந்தெடுத்த அடிவைத்து நடக்கும் காட்சியை வகுப்பு முழுவதும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. "சேர், இத நேர்ல பாக்க ஏலாதா?" என்றாள். தோட்டத்து உபாத்தியாயன் இலண்டனுக்கு எவ்விதம் அழைத்துச் செல்வான்? ஆயினும் அரசனுக்குரிய அணிவகுப்பைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை, மகாவலியைக் கடந்தாற் போதும் என்றேன். அன்றே கண்டிப் பெரஹராவுக்குப் போகத் திட்டம் வகுக்கத் தொடங்கினோம்.

கண்டியில் இன்று அரசன் இல்லை. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கையிற் சிக்கி, பின்னர் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே கண்மூடினான். அரசன் போனான், அரச மரியாதைகள் போகவில்லை. தலதா மாளிகையிலுள்ள புத்தரின் தந்தத்துக்கு அவை இன்றும் செய்யப்படுகின்றன. தந்தத்தை வைத்திருப்பவனே நாட்டுக்கு உரியவன் என்பது பழைய நம்பிக்கை. ஆதலால் ஊர்வலத்தின் முன்னே சாட்டையடிப்போர் வழி விலக்குகின்றனர். தீவட்டிகளும் கொடிகளும் தொடர்கின்றன. பேழை சுமந்த கொம்பன் யானையின் காலடியில் வெள்ளைத் துணி விரிக்கப்படுகிறது. பேழைதான் உலா வருகிறது. தந்தம் மாளிகையை விட்டு வெளியே வருவதில்லை.

இக்காவலின் வரலாற்றில் எங்கள் ஊவாவுக்கும் பங்குண்டு. 1817இல் இங்கே மூண்ட கிளர்ச்சியின்போது அரசனாக முன்னிறுத்தப்பட்டவன், தன்னை நாயக்க அரச குடும்பத்துத் துரைசாமி என்று கூறிக்கொண்டான். அவன் உண்மையில் வில்பாவே என்னும் ஊரைச் சேர்ந்த முன்னாள் பிக்கு. தந்தமும் மாளிகையிலிருந்து இரகசியமாக எடுத்துச் செல்லப்பட்டது. 1818இல் அது ஆங்கிலேயர் கைக்கு மீண்டபின் கிளர்ச்சி தளர்ந்தது. 'துரைசாமி' என்ற பெயரைக் கேட்டதும் வகுப்பிற் சிரிப்பு எழுந்தது. அப்பெயருடைய தாத்தாமார் எங்கள் லயங்களில் இருக்கிறார்கள்.

பெரஹராவின் ஒழுங்கை விளக்கிக்கொண்டே வந்தேன். முதல் யானையின்மேல் பெரமுனராள என்னும் அதிகாரி அமர்ந்து, 'லேகம் மிட்டிய' என்னும் ஓலை ஏட்டைத் தாங்கி வருவார். கோயில் நிலம் எவ்வளவு, அதனை அனுபவிப்போர் யார், அதற்கு ஈடாக அவர்கள் செய்யவேண்டிய ஊழியம் யாது என்பனவற்றைச் சொல்லும் ஏடு அது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "அப்ப ஆனை மேல செக்ரோலா சேர்?" என்றான்.

அந்தக் கேள்வி என்னை அன்று முழுவதும் விடவில்லை. விடியற்காலையில் தப்பு முழங்க, பிரட்டுக் களத்திற் கூடி, செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி என்றிருந்த வாழ்க்கையின் பேரப்பிள்ளை அவன். முரசும் அணிவகுப்பும் ஏடும் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. ஆனால் கண்டி ஏட்டிற் பேர் உடையவனுக்கு, தான் அடிக்கும் பறைக்கும் பிடிக்கும் தீவட்டிக்கும் ஈடாக ஒரு துண்டு வயல் இருந்தது. அரசனுக்குச் செய்யும் கட்டாய ஊழியத்தை ஆங்கிலேயர் 1832இல் ஒழித்தபோதும் கோயில் நிலங்களை அவ்வாறே விட்டுவைத்தனர். எங்கள் செக்ரோலில் நிலம் என்றொரு கலமே இருந்ததில்லை. நாயக்க மன்னரின் உறவினர் கண்டி நாட்டுக்குள் காலடி வைக்கலாகாது என்று 1815ஆம் ஆண்டின் ஒப்பந்தம் விதித்தது. அதன் மை உலர்ந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் செல்வதற்குள், அதே தென்னாட்டிலிருந்து ஆயிரமாயிரம் பேரைக் கோப்பிக் காட்டுக்கு அழைத்து வந்தவர்களும் அவ்வாங்கிலேயரே.

இப்பயணத்தை நான் முன்னரும் ஒரு முறை வகுத்ததுண்டு. 1998 சனவரியில் மாளிகை வாயிலிற் குண்டு வெடித்தது. அவ்வாண்டு துணைக்கு வருவதாக இருந்த தந்தைமாரிற் பலரிடம் அடையாள அட்டை இல்லை; பிறப்புச் சான்றிதழே இல்லாதவர்களும் இருந்தனர். இரவில், வழிநெடுகச் சோதனைச் சாவடிகளைத் தாண்டி, தமிழ்ப் பிள்ளைகளுடன் செல்லும் துணிவு எனக்கு வரவில்லை. பட்டியலைக் கிழித்துப் போட்டேன். இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது 2003இல். அன்று விடுபட்ட ஒருவரின் மகள்தான் இலண்டன் படம் கொண்டுவந்தவள்.

எந்த நாளிற் போவது என்பதில் ஆசிரியர் அறையில் பெரும் வாதம். ஐந்து இரவுகள் கும்பல் பெரஹரா, பின் ஐந்து இரவுகள் ரந்தோலி. ரந்தோலியே சிறப்பு; ஆயின் மதியத்திலேயே நடைபாதையில் இடம் பிடிக்கவேண்டும், இருக்கைக்கோ கொடுத்துத் தீராது. இறுதி நாட் பகற் பெரஹரா பிள்ளைகளுக்கு வசதி என்றார் ஒருவர். தீவட்டி இல்லாத பெரஹரா உப்பில்லாத கஞ்சி என்றார் மற்றவர். நான் இரண்டாமவர் கட்சி. முடிவில் கும்பல் இரவொன்றே தீர்மானமாயிற்று. கூட்டம் குறைவு, ஏடும் தப்பாமல் கண்ணிற் படும். பிள்ளைகள் கடைசிவரை நிற்கவேண்டும் என்பது என் நிபந்தனை. நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களுக்குப் பின் இறுதியில் வருவது பத்தினி தேவாலயத்து ஊர்வலம். சிலப்பதிகாரம் படிப்பவர்கள் கண்ணகியைக் காணாமல் வரலாமா?

மகியங்கனை வழியாகப் பேருந்து. இரவு பதினெட்டு வளைவில் ஏற்றி வருவதில்லை என்று ஓட்டுநர் உறுதியாகச் சொல்லிவிட்டமையால், கண்டியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்க எழுதிக் கேட்டிருக்கிறேன்.

பட்டியலில் முப்பத்திரண்டு பேர் எழுதியாயிற்று. நேற்று மாலை, முன்னாளில் தோட்டத்தில் தப்படித்த முதியவர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அந்த மேளத்தக் கேட்டுட்டா போதும் வாத்தியாரய்யா, ஒரு மூலையில நிக்கிறேன்" என்றார். முப்பத்துமூன்றாவதாக அவர் பெயரை எழுதினேன். வளைவுகளில் தலை சுற்றுமாம்; முன் ஆசனத்தை அவருக்கு ஒதுக்கவேண்டும்.