ஸ்டார் வீரரைக் கொடுத்து 'டிராஃப்ட் பிக்' வாங்குவது ஏன்? என்.பி.ஏ-வைப் புரட்டிப் போட்ட டிரேடுகள்... யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

கெவின் கார்னெட், பால் பியர்ஸ். அமெரிக்காவின் என்.பி.ஏ கூடைப்பந்து லீக்கைப் பார்ப்பவர்களுக்கு அறிமுகமே தேவைப்படாத பெயர்கள். 2008-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர்கள். அதிலும் பியர்ஸ் 15 சீசன் ஒரே அணிக்கு ஆடியவர். இந்த ரெண்டு பேரையும் 2013-ல் புரூக்ளின் நெட்ஸ் அணிக்கு அனுப்பி வைத்தது பாஸ்டன் நிர்வாகம்.

பதிலுக்கு என்ன கிடைத்தது? சில வீரர்கள் வந்தார்கள், ஆனால் அவர்கள் கணக்கை நேர் செய்ய வந்தவர்கள். பாஸ்டன் உண்மையில் கேட்டு வாங்கியது, வரப்போகும் ஆண்டுகளில் புதிய வீரர்களைத் தேர்வு செய்ய நெட்ஸுக்கு இருந்த உரிமையை. அந்த உரிமையில் பின்னாளில் வந்து சேர்ந்த ஜெய்லன் பிரவுனுக்கு அப்போது 16 வயது, ஜேசன் டேட்டமுக்கு 15. ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன்கள். பாஸ்டனில் யாரும் அவர்களை மனதில் வைத்து இந்த டிரேடைச் செய்திருக்க முடியாது.

2024-ல் அதே பிரவுனும் டேட்டமும்தான் பாஸ்டனுக்கு 18-வது சாம்பியன் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார்கள்.

நிரூபித்த வீரரை விட்டுவிட்டு, யார் என்றே தெரியாத ஒருவருக்காகக் காத்திருப்பது புத்திசாலித்தனமா, சூதாட்டமா? இது எப்படித்தான் வேலை செய்கிறது?

டிராஃப்ட் பிக் என்றால் என்ன?

நம்ம ஊர் ரசிகர்களுக்கு ஐ.பி.எல் ஏலம் தெரியும். பணம் இருக்கிற அணி கையைத் தூக்கிக்கொண்டே இருந்தால் வீரர் கிடைத்துவிடுவார். என்.பி.ஏ-வில் புதுமுக வீரர்களுக்கு ஏலம் கிடையாது. 30 அணிகள், ரெண்டு சுற்று, வரிசையாக ஒவ்வொரு அணியும் ஒருவரைத் தேர்வு செய்ய வேண்டும். இதுதான் டிராஃப்ட். அந்த வரிசையில் ஓர் அணிக்கு இருக்கும் இடத்துக்குப் பெயர்தான் 'பிக்'.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மோசமாக ஆடிய அணிக்குத்தான் முன்வரிசை கிடைக்கும். பலவீனமான அணி மேலே வரட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு. அப்படியானால் வேண்டுமென்றே தோற்கலாமே என்று தோன்றும். சில அணிகள் அதைத்தான் செய்கின்றன. அதைத் தடுக்கத்தான் 1985 முதல் லாட்டரி முறை இருக்கிறது. பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்த 14 அணிகளும் குலுக்கலில் இருக்கும். முன்பு கடைசி இடத்தில் இருந்த அணிக்கு முதல் பிக் கிடைக்க 25% வாய்ப்பு இருந்தது. 2019-ல் விதியை மாற்றி, கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14% என்று ஆக்கினார்கள். குலுக்கல் எந்த அளவுக்கு விளையாடும் என்பதற்கு 2025-ஐப் பார்த்தால் போதும். வெறும் 1.8% வாய்ப்பு மட்டுமே இருந்த டல்லாஸ் மாவெரிக்ஸ் முதல் பிக்கைத் தட்டிச் சென்று கூப்பர் ஃபிளாக்கை எடுத்தது. அதுவும் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு சொந்த ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சில மாதங்களில்!

இந்த பிக்கை அணிகள் வீரர்களைப் போலவே கைமாற்றிக்கொள்ளலாம். ஐ.பி.எல்-லில் ஜடேஜாவையும் சாம் கரனையும் கொடுத்து சஞ்சு சாம்சனை சி.எஸ்.கே வாங்கியபோது ரெண்டு பக்கமும் ஆள் யார் என்று தெரியும். என்.பி.ஏ-வில் ஒரு பக்கம் ஆள் இருப்பார். மறுபக்கம் இருப்பது இன்னும் நடக்காத ஒரு சீசனின் முடிவு. அந்த சீசன் நான்கைந்து ஆண்டு தள்ளிக்கூட இருக்கலாம்.

சரி, நிரூபித்த ஸ்டாரை ஏன் விடுகிறார்கள்?

முதல் காரணம் ஒப்பந்தம். ஸ்டார் வீரரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டால் அவர் விரும்பிய அணிக்குப் போகலாம். பழைய அணிக்குக் காலணா தேறாது. எனவே, 'இவர் தங்க மாட்டார்' என்று தெரிந்ததும், சும்மா போவதற்குள் ஏதாவது வாங்கிக்கொள்வோம் என்று நிர்வாகம் யோசிக்கிறது.

இன்னொன்று சம்பளம். வெளியே அதிகம் பேசப்படாத, ஆனால் பெரும்பாலான டிரேடுகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது. என்.பி.ஏ-வில் ஓர் அணியின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 10 ஆண்டு அனுபவம் உள்ள ஒரு ஸ்டார், அந்த வரம்பில் 35% வரை தனியாளாக வாங்க முடியும். டிராஃப்டில் முதல் சுற்றில் வருபவருக்கு முதல் நான்கு ஆண்டுகளுக்கு சம்பளம் ஏற்கெனவே நிர்ணயிக்கப்பட்டது. நம்பர் 1 பிக்குக்கே வரம்பில் சுமார் 9 சதவீதம்தான். பையன் ஸ்டாராகிவிட்டால், அந்த நான்கு ஆண்டுகள் அணிக்கு அடித்தது ஜாக்பாட். மிச்சப் பணத்தில் இன்னும் ரெண்டு நல்ல வீரர்களைச் சேர்க்கலாம்.

வயதும் இருக்கிறது. 2013 டிரேடின்போது கார்னெட்டுக்கு 37 வயது, பியர்ஸுக்கு 35. பாஸ்டன் பொது மேலாளர் டேனி எய்ஞ்ச் அதைப் பார்த்தார். புரூக்ளின் பெயர்களைப் பார்த்தது.

புரூக்ளின் செய்த தவறு

நெட்ஸ் அணியை 2010-ல் வாங்கிய ரஷ்யக் கோடீஸ்வரர் மிகைல் புரோகோரோவ், ஐந்தே ஆண்டுகளில் சாம்பியன் பட்டம் என்று அறிவித்திருந்தார். 2012-ல் நியூ ஜெர்ஸியில் இருந்து புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்த அணி, முதல் சீசனில் 49 வெற்றி பெற்றும் பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே வெளியேறியது. இன்னும் ஒரு படிதான் என்ற நினைப்பு. டெரன் வில்லியம்ஸ், ஜோ ஜான்சன், புரூக் லோபஸ் ஏற்கெனவே இருந்தார்கள். கூட கார்னெட், பியர்ஸ், ஜேசன் டெர்ரி. காகிதத்தில் பார்த்தால் மிரட்டலான அணிதான்.

இதற்காக 2014, 2016, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று பிக்குகளை நெட்ஸ் கொடுத்தது. அது போதாதென்று, 2017-ல் ரெண்டு அணிகளின் பிக்குகளில் எது நல்லதோ அதை பாஸ்டன் எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதிக் கொடுத்தது.

ஏன் ஓராண்டு விட்டு ஓராண்டு? அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லேண்ட் அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன், முதல் சுற்று பிக்குகளைக் கண்டபடி அள்ளிக் கொடுத்து அணியைத் திவாலாகும் நிலைக்குக் கொண்டுபோனார். கடைசியில் லீக்கே தலையிட்டு, அடுத்தடுத்த ரெண்டு ஆண்டுகள் முதல் சுற்று பிக் இல்லாமல் ஓர் அணி இருக்கக் கூடாது என்று விதி போட்டது. அதற்கு ஸ்டெபியன் விதி என்றே பெயர். சொந்தப் பெயரில் விதி வருவது பெருமைதான், ஆனால் இந்த மாதிரி வேண்டாம். நடுவில் இருக்கும் ஆண்டில் பிக்கை 'மாற்றிக்கொள்ளும் உரிமை' என்பது அந்த விதிக்குள் புகுந்து வெளியே வர அணிகள் கண்டுபிடித்த வழி.

நெட்ஸ் செய்த பெரிய தவறு பிக்குகளைக் கொடுத்தது மட்டுமல்ல. எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கொடுத்தது. வழக்கமாக அணிகள், 'பிக் முதல் மூன்று இடங்களுக்குள் வந்துவிட்டால் அது எங்களுக்கே' என்பது போல ஒரு நிபந்தனை வைக்கும். நெட்ஸ் அதை வைக்கவில்லை. நாம் எப்படியும் நன்றாகத்தான் ஆடுவோம், 20-வது இடத்துக்குப் பின்னால் வரும் பிக்கை வைத்து என்ன செய்வது என்ற தைரியம்தான் காரணம். விதைநெல்லை விற்று விருந்து வைத்த கதை.

விருந்தும் ருசிக்கவில்லை. 2013-14 சீசனில் லோபஸ் 17 ஆட்டங்களோடு கால் காயத்தில் உட்கார்ந்தார். கார்னெட்டின் சராசரி 6.5 புள்ளிகளுக்கு இறங்கியது. 44 வெற்றி, பிளே-ஆஃப் ரெண்டாவது சுற்றில் மியாமியிடம் 4-1 என்று தோல்வி. இதற்கு சம்பள வரியாக மட்டும் 9 கோடி டாலருக்கு மேல் கட்டியது நெட்ஸ். அடுத்த கோடையில் பியர்ஸ் வாஷிங்டனுக்குப் போனார். 2015 பிப்ரவரியில் கார்னெட்டும் மினசோட்டாவுக்கு மாற்றப்பட்டார். அத்தனையும் ஒன்றரை சீசனில் முடிந்தது.

அதன் பிறகுதான் வலி. 2015-16-ல் நெட்ஸுக்கு 21 வெற்றி, 61 தோல்வி. அடுத்த சீசனில் 20 வெற்றி, லீக்கிலேயே கடைசி இடம். மற்ற அணிகளாக இருந்தால், 'போகட்டும், நல்ல பிக் வரும்' என்று ரசிகர்கள் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். புரூக்ளின் ரசிகர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை. அவர்கள் அணி தோற்கத் தோற்க பாஸ்டன் ரசிகர்கள் கைதட்டினார்கள். 2016-ல் மூன்றாவது பிக், ஜெய்லன் பிரவுன். 2017-ல் முதல் பிக்கே வந்தது. அந்த சீசனில் பாஸ்டன் 53 வெற்றியுடன் கிழக்குப் பிரிவில் முதலிடம்! முதலிடத்தில் இருக்கும் அணிக்கு முதல் பிக். அதை ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்து, மூன்றாவது பிக்கோடு இன்னொரு எதிர்கால பிக்கையும் வாங்கி, டேட்டமை எடுத்தார் எய்ஞ்ச். 2018 பிக், கைரி இர்விங்கை கிளீவ்லேண்டில் இருந்து கொண்டுவர உதவியது.

ஆனால், பிக் வாங்கியவர்தான் எப்போதும் ஜெயிப்பார் என்று நினைத்துவிட வேண்டாம்

இதே பாஸ்டன், 1980-ல் எதிர்ப்பக்கம் நின்றது. முதல் பிக் அவர்கள் கையில். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு ஜோ பாரி கேரல் என்ற கல்லூரி வீரர் மேல் ஒரே கண். அவருக்காக, நான்கு சீசன் ஆடி நிரூபித்திருந்த ராபர்ட் பேரிஷையும் தங்களுடைய மூன்றாவது பிக்கையும் கொடுத்துவிட்டு, பாஸ்டனின் 1-வது, 13-வது பிக்குகளை வாங்கியது வாரியர்ஸ்.

கேரல் ஒன்றும் ஆடத் தெரியாதவர் இல்லை. முதல் சீசனிலேயே சராசரி 19 புள்ளிகளை ஒட்டி எடுத்தார். ஆனால் வாரியர்ஸ் 1987 வரை பிளே-ஆஃப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பாஸ்டனோ அந்த மூன்றாவது பிக்கில் கெவின் மெக்ஹேலை எடுத்தது. லாரி பேர்ட், மெக்ஹேல், பேரிஷ் கூட்டணி 1981, 1984, 1986 என மூன்று பட்டங்களை அள்ளியது. பேரிஷ் 43 வயது வரை ஆடினார். பறக்கிறதுக்கு ஆசைப்பட்டு இருக்கிறதை விட்டுவிட்டது வாரியர்ஸ்.

2014-ல் நடந்த கெவின் லவ் டிரேடு இன்னும் சுவாரஸ்யம். மினசோட்டாவில் ஆறு சீசன் ஆடியும் ஒரு பிளே-ஆஃப் ஆட்டம்கூட ஆடாதவர் லவ். 2013-14-ல் சராசரி 26.1 புள்ளி, 12.5 ரீபவுண்ட். ஓராண்டில் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறும் உரிமை அவருக்கு இருந்தது, போய்விடுவார் என்பதும் தெரிந்ததுதான். லெப்ரான் ஜேம்ஸ் திரும்பி வந்த கிளீவ்லேண்டுக்கு உடனடி ஸ்டார் தேவை. அந்த ஆண்டின் நம்பர் 1 பிக் ஆண்ட்ரூ விக்கின்ஸ், முந்தைய ஆண்டின் நம்பர் 1 பிக் ஆண்டனி பென்னட் ரெண்டு பேரையும் கொடுத்துவிட்டு லவ்வை வாங்கியது. விக்கின்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டதால், விதிப்படி 30 நாள் காத்திருந்து ஆகஸ்ட் 23-ம் தேதிதான் டிரேடை அறிவிக்க முடிந்தது. ஊருக்கே தெரிந்த விஷயத்தைப் பற்றி ஒரு மாதம் யாரும் வாய் திறக்கவில்லை!

முடிவு? 2016-ல் கிளீவ்லேண்ட் சாம்பியன். 73 ஆட்டங்கள் வென்ற கோல்டன் ஸ்டேட்டை, 3-1 என்ற பின்னடைவில் இருந்து மீண்டு வீழ்த்தியது. ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஸ்டீபன் கரியை வெளிவட்டத்தில் தனியாக மறித்து நின்றவர் லவ். மினசோட்டாவில் விக்கின்ஸ் சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கினார், ஆனால் அந்த அணியைத் தூக்கி நிறுத்தவில்லை. அவரும் சாம்பியன் ஆனார், 2022-ல், வாரியர்ஸ் சட்டையில். பென்னட் நான்கே சீசன்களில் லீக்கை விட்டே காணாமல் போனார். ஒரே டிரேடில் கைமாறிய ரெண்டு 'நம்பர் 1'-களின் நிலைமை இது. பிக் நம்பரை வைத்து ஆளை எடை போட முடியாது.

அப்படியானால் இதை எப்படிப் பார்ப்பது?

பிக்கின் மதிப்பு, அதைக் கொடுக்கும் அணி எவ்வளவு மோசமாகப் போகும் என்பதில்தான் இருக்கிறது. வயதான ஸ்டார்களை நம்பி, ஒரே மூச்சில் பட்டம் வெல்லத் துடிக்கும் அணியிடம் தொலைதூர ஆண்டின் பிக்கை வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம். ஸ்டாருக்கு 25, 26 வயது என்றால் அவரை விடுவது பெரும்பாலும் வேறு வழியில்லாத நிலையில்தான்.

இந்தக் கணக்கை ஓக்லஹோமா சிட்டி தண்டர் போல யாரும் போட்டதில்லை. 2019-ல் பால் ஜார்ஜ் லாஸ் ஏஞ்சலஸ் போக விரும்பினார். அவரை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்த ஓக்லஹோமா, ஐந்து முதல் சுற்று பிக்குகள், ரெண்டு மாற்றிக்கொள்ளும் உரிமைகள், டனிலோ கலினாரி, கூடவே ஒரே ஒரு சீசன் ஆடியிருந்த ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டரையும் வாங்கியது. அடுத்த ரெண்டு மூன்று ஆண்டுகள் அணி தரைமட்டம். 2021-22-ல் 24 வெற்றிதான். ஆனால் 2022-ல் கிளிப்பர்ஸ் கொடுத்த 12-வது பிக்கில் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார். 2025 ஜூனில் ஓக்லஹோமா சாம்பியன். கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் சீசனின் சிறந்த வீரர், இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் என ரெண்டு விருதையும் வாங்கினார். இறுதிச்சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் வில்லியம்ஸ் அடித்தது 40 புள்ளிகள்.

பால் ஜார்ஜ் 2024-ல் ஒப்பந்தம் முடிந்து ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார். கிளிப்பர்ஸுக்கு பதிலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் போன பிறகும் அந்தக் கடன் தீரவில்லை. கிளிப்பர்ஸின் 2026-ம் ஆண்டு முதல் சுற்று பிக்கும் ஓக்லஹோமாவுக்குத்தான் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்.