இறுவட்டிற் பதிந்த குடும்பக் காட்சிகள்

நாடாவிலன்றி இறுவட்டிலேயே காட்சிகளைப் பதியும் வீடியோக் கமராவை 2000ஆம் ஆண்டில் யப்பானிய ஹிட்டாச்சி நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. 8 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அவ்வட்டின் ஒரு பக்கத்தில், சாதாரணத் தரத்தில் ஏறத்தாழ 30 நிமிடக் காட்சிகள் அடங்கும்.

ஒருமுறை மட்டும் பதியக்கூடிய வட்டிலே, லேசர் கதிர் சாயப் படலத்தைச் சுட்டு அடையாளமிடுகின்றது. பதிவு முடிந்தபின், எக்காட்சி எங்கே உள்ளதென்னும் அட்டவணையையும் கமரா எழுதி வட்டை நிறைவாக்குதல் வேண்டும். அவ்வாறு செய்யாத வட்டைப் பிற கருவிகள் பெரும்பாலும் படிக்கமாட்டா. கமரா பழுதுறின், மணவிழாவும் மழலையின் முதல் நடையும் வட்டினுள்ளேயே சிறைப்பட்டுவிடும். சாயமும் காலப்போக்கில் கெடும்.

ஆகவே, அலுமாரியிற் கிடக்கும் கமரா இயங்கும்போதே வட்டுகளை நிறைவாக்கி, கணினியிற் பிரதிசெய்து பேணுவோமாக!