85 குதிரை திணறுது. 75 குதிரை இழுக்குது!

பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டிய கணக்கு

சென்னை:

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ மீட்டர் ஓடியிருக்கு?" அடுத்தது, "எச்.பி. எவ்வளவு?"

எச்.பி. ஜாஸ்தி என்றால் வண்டி நல்லா இழுக்கும் என்று நம்பி, கடன் வாங்கிப் பணத்தைக் கொடுத்து விடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சங்கடம். 5 பேர் ஏறி, ஏ.சி.யும் போட்டால், மேம்பாலத்தில் வண்டி திணறுகிறது. கியரைக் குறைத்துக் குறைத்து ஓட்ட வேண்டியிருக்கிறது. பாதி கிளட்சிலேயே சமாளிக்கப் பார்த்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்து செலவு வைக்கிறது.

இதற்கு என்ன காரணம்?

இழுவை வேறு!

குதிரை சக்தி வேறு, இழுவை வேறு. என்ஜின் தண்டை முறுக்கும் பலம்தான் இழுவை. மெக்கானிக்குகள் "டார்க்" என்பார்கள். டிரைவர்கள் "புல்லிங்" என்பார்கள்.

இந்த முறுக்கு பலத்தையும், என்ஜின் சுற்றும் வேகத்தையும் பெருக்கிக் கணக்கிடுவதுதான் குதிரை சக்தி. 75 கிலோ மூட்டையை ஒரு விநாடியில் 1 மீட்டர் உயரம் தூக்கினால், அது 1 குதிரை சக்தி.

ஸ்விப்ட் கணக்கு

2010-ல் விற்ற மாருதி ஸ்விப்ட் காரையே பார்க்கலாம். 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கு 85 குதிரை சக்தி. 1.3 லிட்டர் டீசலுக்கு 75தான். ஆனால் இழுவை? பெட்ரோலுக்கு 113 நியூட்டன் மீட்டர், டீசலுக்கு 190!

பெட்ரோல் என்ஜினின் 85 குதிரையும் வெளியே வர, நிமிடத்துக்கு 6 ஆயிரம் சுற்று சுற்ற வேண்டும். டவுன் நெரிசலில் அப்படி மிதிப்பவர் யார்? 2 ஆயிரம் சுற்றில் டீசல் 54 குதிரை கொடுக்கும். அதே சுற்றில் பெட்ரோல் 32-ஐத் தாண்டாது.

எப்படி இந்த பலம்?

டீசல் என்ஜின் காற்றை 15 மடங்குக்கு மேல் அழுத்துகிறது. அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக் கொள்ளும். ஸ்பார்க் பிளக் தேவையில்லை. போதாக்குறைக்கு டர்போ வேறு காற்றைத் திணிக்கிறது. அதிகக் காற்று, அதிக டீசல். பிஸ்டனுக்கு பலமான தள்ளு!

அந்த அழுத்தத்தைத் தாங்க பாகங்கள் கனமாக இருக்கும். டீசல் எரியவும் நேரம் பிடிக்கும். ஆகவே டீசல் என்ஜினால் வேகமாகச் சுற்ற முடியாது. ஸ்விப்ட் டீசலின் 75 குதிரை, 4 ஆயிரம் சுற்றிலேயே உச்சத்துக்கு வந்துவிடும். பெட்ரோல் என்ஜின் அதற்கு மேலும் சுற்றித்தான் 85-ஐ எட்டுகிறது.

டீசலிலும் ஒரு குறை உண்டு. 2 ஆயிரம் சுற்றுக்குக் கீழே, டர்போ விழிக்கும் வரை வண்டி கொஞ்சம் தூங்கும்.

2020 ஏப்ரலில் மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஸ்விப்ட் டீசல் வேண்டுமென்றால் பழசுதான். இப்போதைய டர்போ பெட்ரோல் கார்களும் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கின்றன.

இப்படிக் கேளுங்க!

எச்.பி. எவ்வளவு, எத்தனை சுற்றில்? டார்க் எவ்வளவு, எத்தனை சுற்றில்? இந்த 4 எண்களையும் கேளுங்கள். வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஏ.சி. போட்டு, ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்!