சஷ்டியில் அப்பல்லோ, சப்தமியில் சந்திரயான்

1969 ஜூலை 21, திங்கட்கிழமை. குற்றாலத்தில் சீசன் நேரம். இந்திய நேரப்படி பின்னிரவு 1.47க்கு அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது அருகிலிருக்கும் தென்காசி உறங்கிக்கொண்டிருந்தது. ஆம்ஸ்ட்ராங் தரையில் கால் வைக்கையில் இங்கே காலை 8.26, நிலவு இன்னும் உதிக்கவே இல்லை. தமிழகத்துக்குத் தொலைக்காட்சி வர ஆறு ஆண்டுகள் இருந்தன. வானொலியில் கேட்டவர்கள் படத்துக்குப் பத்திரிகை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை மாலை 6.04. சந்திரயான் 3 இறங்கியபோது நிலவு தலைக்கு மேலே இருந்தது. சாரல் மேகம் வழிவிட்டால் அண்ணாந்து பார்க்கலாம். பார்க்கத் தேவையில்லை, கைப்பேசியிலேயே எல்லாம் நேரலையாக வந்தது. கேட்பதற்கும் காண்பதற்கும் நடுவே ஊர் கூடிப் பேசுவதற்கு இருந்த இடைவெளி மட்டும் இல்லாமல் போயிற்று.

இரண்டு இறக்கங்களும் வளர்பிறையில் நடந்தன: அது சஷ்டி, இது சப்தமி. சகுனம் பார்த்தல்ல. இறங்கும் இடத்தில் அப்போதுதான் பொழுது புலர்ந்திருக்கும். சாய்ந்த வெயிலில் நிழல் நீண்டு பள்ளம் மேடு தெரிய வேண்டும் என்பது அப்பல்லோவின் கணக்கு. சூரிய ஒளியில் இயங்கும் சந்திரயானின் தரையிறங்கி விக்ரமுக்கோ நிலவின் பதினான்கு நாள் பகல் முழுதாக வேண்டியிருந்தது.

அன்றைய சாட்டர்ன் 5 ராக்கெட் 110 மீட்டர் உயரம். நான்கே நாளில் கொண்டு சேர்த்தது. நம்முடையது 43.5 மீட்டர். பூமியைச் சுற்றிச் சுற்றிப் பாதையை நீட்டிக்கொண்டு நாற்பது நாள் போனது. சிக்கனமான வழி, பொறுமையும் வேண்டும்.

ஆம்ஸ்ட்ராங் இறங்கிய நாளில் இஸ்ரோ என்ற அமைப்பே கிடையாது. அது பிறக்க இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது. இன்று, குற்றால அருவிகள் விழும் இதே மலைத்தொடரின் தெற்கே, மகேந்திரகிரியில் சந்திரயானைச் சுமந்த ராக்கெட்டின் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கிறார்கள். சந்திரயான் இறங்கிய பத்தாம் நாள் சூரியனை நோக்கிக் கிளம்பிய ஆதித்யா எல்1 திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி, தென்காசியை அடுத்த செங்கோட்டையில் பிறந்து அங்கேயே பள்ளி படித்தவர். அந்தக் கலம் நிற்கும் இடம் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவு. நிலவைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு.

ஆனாலும் ஒரு கணக்கு இடிக்கிறது. 1969இல் நிலவில் மனிதர் இருந்தார்கள், நம் கருவி எதுவும் இல்லை. 2023இல் நம் கருவி இருந்தது, மனிதர் எவரும் இல்லை. நிலவில் நடந்தவர்கள் பன்னிரண்டே பேர்; அதில் கடைசி இருவர் 1972 டிசம்பரில் திரும்பிவிட்டார்கள். இந்தியரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யானுக்காக எஞ்சின்கள், ஆளை ஏற்றும் தகுதி பெற, மகேந்திரகிரியில் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டன. ககன்யான் செல்லப்போவது 400 கிலோமீட்டர் உயரம்தான். நிலவில் இந்தியர் இறங்க அரசு குறித்திருக்கும் ஆண்டு 2040.