லேபியாபிளாஸ்டி: ஆபரேஷனுக்குப் பிறகு உணர்ச்சி போய்விடுமா? எந்த முறையில் என்ன ஆபத்து?

பெண்ணுறுப்பின் உள்ளிதழ்களைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்குப் பெயர் லேபியாபிளாஸ்டி. பெரிய நகரங்களின் காஸ்மெட்டிக் கிளினிக்குகள் சமூக வலைதளங்களில் விளம்பரம் செய்வதால், உடன்குடியில் செல்போன் வைத்திருக்கும் பெண்ணுக்கும் இந்த வார்த்தை வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அதைப் பற்றி அம்மாவிடம் கேட்க முடியாது, தோழியிடம் கேட்கவும் கூச்சம். டாக்டரிடம் போனாலும் வாய் வராது.

விளம்பரங்கள் பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. கத்தி படும் இடத்தில் தோல் மட்டும் இல்லை, நரம்பும் இருக்கிறது. அந்த நரம்புக்கு என்ன ஆகும்? எந்த முறையில் ஆபத்து குறைவு? பார்க்கலாம்.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது?

பெண்ணுறுப்பில் வெளியிதழ், உள்ளிதழ் என இரண்டு ஜோடி இதழ்கள் உண்டு. வெளியிதழில் கொழுப்பும் முடியும் இருக்கும். உள்ளிதழில் இரண்டும் கிடையாது. அது மெல்லிய மடிப்பு, ரத்தக் குழாய்களும் நரம்பு முனைகளும் நிறைந்தது. தாம்பத்திய உறவின்போது ரத்தம் பாய்ந்து தடிப்பதும், தொடுதலை உணர்வதும் அதன் வேலை. அதாவது அது 'வேண்டாத சதை' இல்லை.

உள்ளிதழ்கள் மேலே சேரும் இடத்தில் கிளிட்டோரிஸ் இருக்கிறது. பாலுணர்வுக்கு முக்கியமான உறுப்பு இது. அமெரிக்காவின் ஓரிகான் சுகாதார அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் இதற்குப் போகும் நரம்பு இழைகளை எண்ணிச் சொன்னார்கள்: 10,000-க்கும் அதிகம். அதற்கு முன் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த 8,000 என்ற கணக்கு, மாடுகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்தது. பெண்ணுடலைப் பற்றிய மருத்துவ அறிவு எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதற்கு இதுவே சாட்சி.

எத்தனை முறைகள் இருக்கின்றன?

முக்கியமாக மூன்று.

ஓரம் வெட்டுதல்: நீண்டிருக்கும் இதழின் ஓரத்தை நீளவாக்கில் வெட்டித் தைப்பது. பழைய முறை, எளிமையானது. ஓரத்தில் இருக்கும் கருமையும் சுருக்கமும் இதில் போய்விடும். ஆனால் தழும்பு புதிய ஓரம் முழுக்க வரும். பெரிய ஆபத்து, அளவுக்கு மேல் வெட்டிவிடுவது. வெட்டிய இதழைத் திரும்ப வளர்க்க முடியாது.

ஆப்பு வடிவில் வெட்டுதல்: நடுவில் ஆங்கில 'வி' எழுத்து போல ஒரு துண்டை எடுத்துவிட்டு, மேல் பகுதியையும் கீழ்ப் பகுதியையும் இணைப்பது. அமெரிக்க டாக்டர் கேரி ஆல்ட்டர் 1998-ல் இதை விவரித்தார். இயற்கையான ஓரம் அப்படியே இருக்கும், நீளமான ஓரத் தழும்பு வராது. ஆனால் தையல் இழுவிசையில் நிற்பதால், பிரிந்து போனால் இதழில் ஓட்டையோ பிளவோ விழலாம்.

மேல்தோலை மட்டும் எடுத்தல்: இதழின் நடுப்பகுதியில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டுத் தைப்பது. 2000-ல் தென்கொரிய டாக்டர்கள் வெளியிட்ட முறை. நடுவில் இருக்கும் திசுவை வெட்டுவதில்லை. நரம்பையும் ரத்தக் குழாயையும் காப்பாற்றுவதே இதன் நோக்கம். ஆனால் இதழ் ரொம்பப் பெரியதாக இருந்தால் இந்த முறை பொருந்தாது, சுருக்கிய இடம் தடிமனாகத் தெரியலாம்.

'லேசர் முறை' என்று விளம்பரம் வருகிறதே, அது? லேசர் என்பது வெட்டும் கருவி. கத்திக்குப் பதில் லேசர், அவ்வளவுதான். எந்த இடத்தில், எவ்வளவு வெட்டுகிறார்கள் என்பதை அது மாற்றாது.

அப்போ, உணர்ச்சி போகாத முறை எது?

கேட்டால் மூன்றாவதைத்தான் சொல்லத் தோன்றும். உள்திசுவைத் தொடாததால், காகிதத்தில் பார்த்தால் அதுதான் பாதுகாப்பு. ஆனால் மற்ற இரண்டைவிட அதில் உணர்ச்சி நன்றாக மிஞ்சுகிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிய ஒப்பீட்டு ஆய்வு இல்லை.

உள்ளிதழின் நரம்பு அடர்த்தியை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. நரம்புகள் ஒரே இடத்தில் குவிந்திருக்கவில்லை, இதழ் முழுக்கச் சீரில்லாமல் பரவியிருந்தன. அதனால் ஒரு பகுதியை எடுத்தாலும் உணர்ச்சி மொத்தமாகப் போகும் வாய்ப்பு குறைவு என்பது அவர்கள் முடிவு. ஆனால் அவர்கள் பார்த்தது இறந்தவர்களின் உடல்கள், அதுவும் ஒரு சில மட்டுமே. இன்னொரு கோணத்தில் யோசித்தால், 'இங்கே வெட்டினால் நரம்பே இருக்காது' என்று சொல்லத்தக்க கோடு எதுவும் இதழில் இல்லை என்றும் அதற்கு அர்த்தம்.

லேபியாபிளாஸ்டி ஆய்வுகளில் பெரும்பாலான பெண்கள் திருப்தியாக இருப்பதாகவே பதிவாகிறது. ஆனால் திருப்தி வேறு, தொடு உணர்ச்சி வேறு. உணர்ச்சியை ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் கருவி வைத்து அளந்த ஆய்வுகள் குறைவு.

எனவே முறையின் பெயரைவிட மூன்று விஷயங்கள் முக்கியம். ஒன்று, எவ்வளவு எடுக்கிறார்கள். கொஞ்சம் மிச்சம் வைப்பதே நல்லது. இரண்டு, கிளிட்டோரிஸ் பக்கம் எவ்வளவு தூரம் போகிறார்கள். மூன்று, டாக்டருக்கு இந்த ஆபரேஷனில் எவ்வளவு அனுபவம்.

இரண்டாவதில் கூடுதல் கவனம் வேண்டும். உள்ளிதழைக் குறைக்கும்போதே கிளிட்டோரிஸை மூடியிருக்கும் தோலையும் குறைப்பது உண்டு. அந்தத் தோலுக்கு அடியில்தான் முக்கியமான நரம்புகள் ஓடுகின்றன. ஆழம் தவறினால் மரத்துப் போகலாம், அல்லது தொட்டாலே வலிக்கலாம்.

முதலில், ஆபரேஷன் தேவையா?

லண்டனில் 50 பெண்களை அளந்து பார்த்த ஆய்வு 2005-ல் வெளியானது. உள்ளிதழின் அகலம் 7 மில்லிமீட்டரில் இருந்து 50 மில்லிமீட்டர் வரை இருந்தது. அதாவது ஒருவருக்கு இருப்பது போல ஏழு மடங்கு இன்னொருவருக்கு. எல்லாமே இயல்பு. ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருப்பது, கருமையாக இருப்பது, வெளியே தெரிவது எதுவும் நோய் அல்ல. இதழின் அளவை வைத்து ஒரு பெண்ணின் 'பழக்கத்தை'ச் சொல்ல முடியும் என்பது வெறும் கட்டுக்கதை. கல்யாணத்துக்கு முன்னாடி இந்தப் பயத்தில் ஆபரேஷன் தேடுபவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம்.

நடக்கும்போது, சைக்கிள் ஓட்டும்போது உரசல், உறவின்போது இதழ் உள்ளே இழுபட்டு வலி என்று நிஜமான தொந்தரவும் சிலருக்கு உண்டு. அவர்களுக்கு ஆபரேஷன் உதவலாம். ஆனால் அரிப்பும் எரிச்சலும் பல நேரம் பூஞ்சைத் தொற்றால் வருவது. அதற்கு மருந்து போதும். தளர்வான பருத்தி உள்ளாடை, உரசும் இடத்தில் வாஸ்லின் போன்றவற்றிலேயே பலருக்குச் சரியாகிவிடும்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2020 ஜனவரியில் வெளியிட்ட கருத்தில், தோற்றத்துக்காகச் செய்யும் இத்தகைய ஆபரேஷன்களின் பலனுக்குத் தரமான ஆதாரம் போதவில்லை என்றது. வலி, ரத்தப்போக்கு, தொற்று, தழும்பு, உணர்ச்சி மாற்றம், மறு ஆபரேஷன் ஆகிய ஆபத்துகளை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் கூறியது. வளரும் வயதில் இதழ்களும் மாறிக்கொண்டிருக்கும் என்பதால், 18 வயதுக்குக் கீழ் பொதுவாகச் செய்யக்கூடாது என்பது பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரியின் 2013 நிலைப்பாடு.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், அவருடைய தாயிடம் மட்டும் கேட்டுவிட்டு அகற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் இதைத் தெளிவாகச் சொன்னது. உயிரைக் காக்கும் அவசரம் இல்லையென்றால் நோயாளியின் சம்மதம்தான் கணக்கு. ஆகவே உள்ளிதழுக்கு மட்டும் கையெழுத்து போட்டவருக்குக் கிளிட்டோரிஸ் தோலையும் சேர்த்து எடுக்க டாக்டருக்கு உரிமை இல்லை.

இன்னொரு முக்கியத் தீர்ப்பு தூத்துக்குடியில் இருந்து கிளம்பியது. அங்கு 2018-ல் நடந்த ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்ததை எதிர்த்த வழக்கு அது. 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இடைப்பாலினக் குழந்தைகளுக்கு ஆணா, பெண்ணா என்று முடிவு கட்டும் பிறப்புறுப்பு ஆபரேஷன்களைத் தடுக்கவும் அரசுக்கு உத்தரவிட்டது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற நேரத்தில் அவற்றுக்குத் தடை விதித்து, அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. வழக்கு வேறுதான். ஆனாலும் அடிப்படை ஒன்று: வெட்டினால் திரும்பாத இடத்தில், உடலுக்குச் சொந்தக்காரர்தான் முடிவெடுக்க வேண்டும். பெற்றோரோ கணவரோ மாமியாரோ அல்ல.

டாக்டரிடம் என்ன கேட்கணும்?

• எந்த முறை? எனக்கு ஏன் அது?
• எத்தனை மில்லிமீட்டர் எடுப்பீங்க, எவ்வளவு மிச்சம் இருக்கும்?
• கிளிட்டோரிஸ் தோலைத் தொடுவீங்களா? தொடுவதென்றால் சம்மதப் படிவத்தில் தனியாக எழுதுவீங்களா?
• இதுவரை இந்த ஆபரேஷன் எத்தனை செய்திருக்கீங்க? மறு ஆபரேஷன் எத்தனை பேருக்குத் தேவைப்பட்டது?
• மரத்துப் போனால் அடுத்து என்ன செய்வீங்க?

இதற்கெல்லாம் பதில் சொல்லச் சலித்துக்கொள்பவர் உங்களுக்கான டாக்டர் இல்லை. டாக்டரின் பதிவைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

ஆபரேஷனுக்குப் பின் வீக்கமும் லேசான மரப்பும் சில வாரங்கள் இருப்பது சகஜம். பொதுவாக ஆறு வாரம் வரை தாம்பத்திய உறவையும் சைக்கிளையும் தவிர்க்கச் சொல்வார்கள். காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, நிற்காத ரத்தம், தையல் பிரிதல் இருந்தால் உடனே போக வேண்டும். மாதங்கள் கழிந்தும் மரப்போ கூரிய வலியோ நீடித்தால் 'சரியாயிடும்' என்று காத்திருக்க வேண்டாம்.

உடன்குடி, திருச்செந்தூர் பக்கம் இருப்பவர்கள் முதலில் காஸ்மெட்டிக் கிளினிக் தேட வேண்டியதில்லை. தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மகளிர் நலப் பிரிவில் ஒரு சீட்டு வாங்கி, பெண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கேட்கலாம். நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் தொடங்கலாம். அந்த ஒரு பரிசோதனையில், 'இது இயல்புதான்' என்ற பதிலோடு வீடு திரும்பவும் வாய்ப்பு இருக்கிறது.