யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடை

ஒருவன் கடையிற் சாப்பிடுகிறான் என்று ஊரிலே சொன்னால், அஃது அவனைப் பற்றிய நற்சான்றாக ஒருகாலத்திற் கொள்ளப்படவில்லை. வீட்டிற் சமைப்பாரில்லை, அன்றேல் வீட்டாரோடு பிணக்கு என்பதே அதன் பொருளாகும். சோற்றை விலை கூறி விற்பது நம் பாட்டன்மாருக்கு ஒவ்வாத காரியம். தோட்டத்துக்குச் சென்றவனுக்கு வீட்டிலிருந்து பழஞ்சோறு சென்றது. வழிப்போக்கனுக்கு மடம் இருந்தது. திருவிழாக்காலத்திலே தெருவெங்கும் தண்ணீர்ப்பந்தல் இருந்தது. கீரிமலைக்குத் தீர்த்தமாடச் சென்றோர் அங்குள்ள மடங்களிலே தங்கி உண்டனர். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே இன்றும் அழைக்கின்றோம். பசித்தவனிடம் காசு வாங்குதல் இழிவு எனக் கருதிய இந்நாட்டிலே சாப்பாட்டுக்கடை எவ்வாறு தலையெடுத்தது என்பது ஆராயத்தக்கதே.

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது இப்பொருளையே தெரிந்தெடுத்தேன். அதிபர்மாரின் அருந்தொண்டினையும் துடுப்பாட்ட வெற்றிகளையும் பற்றி எழுதவல்ல பழைய மாணவர் பலர் உளர். கடைசி மணி அடித்ததும் நாம் ஓடிச்சென்ற தேநீர்க்கடையைப் பற்றி எழுதுவார் எவரையும் காணேன். நம்மிற் சிலர் வகுப்பறையிலே கற்றதிலும் பார்க்க அங்கே கற்றது அதிகம் என்பதை ஆசிரியர்கள் பொறுத்தருளுவார்களாக.

கடைகள் பெருகியமைக்குப் பயணமே முதற்காரணம் என்பேன். 1905ஆம் ஆண்டிலே கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே புகைவண்டிப் பாதை நிறைவெய்தியது. ஆங்கிலம் கற்ற நம்மவர் எழுதுவினைஞராய்த் தெற்கே சென்றனர். சுருட்டும் புகையிலையும் கொண்டு வணிகர் சென்றனர். கொழும்பிலே பலர் கூடி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துச் சமையற்காரன் ஒருவனையும் வைத்துக்கொண்டு வாழ்ந்த வாழ்க்கைக்குச் ‘சமறி’ என்று பெயர். சமறியில் இடங் கிடையாதவன் சைவக்கடையை நாடினான். யாழ்ப்பாண நகரிலும் கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் சந்தைக்கும் வந்தவர்கள் பொழுது சாயும்வரை பட்டினி கிடத்தல் இயலாதன்றோ! வழக்கு ஒத்திவைக்கப்படுந்தோறும் நீதிமன்றத்து அயலிலிருந்த கடைக்காரனுக்கு நல்ல வியாபாரம்.

இலங்கையிலே ‘ஹோட்டல்’ என்பது தங்குமிடத்தையன்று, உண்ணுமிடத்தையே குறித்து வழங்கிற்று. நாலு வாங்கும் ஒரு கண்ணாடி அலுமாரியும் உள்ள ஓலைக்கொட்டிலும் ஹோட்டல்தான். இவற்றுள் உயர்ந்தன வாழையிலையிலே சோறு பரிமாறிய சைவ உணவகங்கள். யாழ்ப்பாணப் பெரியகடைப் பகுதியிலுள்ள மலாயன் கபேயை அறியாத பழைய மாணவர் இரார். அப்பெயரைக் கேட்குந்தோறும், மலாயாவுக்குச் சென்று புகைவண்டிப் பகுதியிலும் பிற அலுவலகங்களிலும் ஊழியஞ் செய்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய அக்காலப் ‘பென்சன்’காரர்களே என் நினைவுக்கு வருவர். ஆயினும் இக்கட்டுரை அத்தகைய பெரிய கடைகளைப் பற்றியதன்று. சந்தியிலே நிற்கும் சிறு தேநீர்க்கடையே என் பொருள்.

தேயிலை யாழ்ப்பாணத்து மண்ணில் விளைவதன்று. 1867ஆம் ஆண்டிலே மலைநாட்டு லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் அதனைத் தோட்டப்பயிராகச் செய்கைபண்ணத் தொடங்கினார். கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின்னர் மலைகள் யாவும் தேயிலையாயின. நம் வீடுகளிலோ நெடுங்காலம் மல்லிக் கோப்பியே காலைப்பானமாயிருந்தது. தேநீர் வீட்டுக்குள் வருமுன்னரே கடைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். துணிவடியிலே தேயிலைத்தூளை இட்டுக் கொதிநீர் ஊற்றிச் சாயம் இறக்கி, இரு குவளைகளுக்கிடையே ஒரு முழ நீளம் இழுத்து ஆற்றிக் கொடுப்பவனின் கைத்திறனைப் பார்த்துநிற்பதே ஒரு பொழுதுபோக்கு. சீனி அருகிய காலங்களில், பாலும் சீனியுமில்லாத ‘பிளேன் ரீ’யோடு ஒரு துண்டு பனங்கட்டி உள்ளங்கையில் வைக்கப்படும். அதனைக் கடித்துக் கடித்துக் குடிக்கவேண்டும். இதன் சுவையைச் சீனியிட்ட தேநீர் தரமாட்டாது என்பது என் துணிபு. மருத்துவர் இப்பொழுது இரண்டையும் விலக்கிவிட்டமையால் இதுபற்றி வாதிடும் ஆர்வம் எனக்குக் குறைந்துவிட்டது.

கடித்துக்கொள்ளக் கிடைத்த பண்டங்கள் பல. உளுந்துவடை, கடலைவடை, வாய்ப்பன், மோதகம், சூசியம், போண்டா என்பன நம்முடையவை. பணிஸ், பற்றிஸ், றோல்ஸ் என்பன பிறர் வழியாக வந்து நம்முடையனவாயின. வடமராட்சிப் பக்கஞ் சென்றால், தட்டையாய் மொறுமொறுப்பாய் நாட்கணக்கிற் கெடாதிருக்கும் பருத்தித்துறை வடையும் கிடைக்கும். கடலோடிகளுக்கும் தூரப்பயணிகளுக்கும் ஏற்ற பண்டம் அது. இவற்றை விற்கும் முறையிலேதான் நம் நாட்டுக்கடைகளின் தனித்தன்மை விளங்கும். கேட்காமலே பத்துப் பன்னிரண்டு பண்டங்களை ஒரு தட்டிலடுக்கி மேசைமீது வைத்துவிடுவர். வேண்டியதை உண்ணலாம். எழும்பும்போது எஞ்சியதை எண்ணி, உண்டதற்கு மாத்திரம் விலை சொல்லுவர். தமிழகத்திலிருந்து வந்த அன்பர் ஒருவர், தட்டிலுள்ள யாவற்றுக்கும் காசு கொடுக்கவேண்டுமென எண்ணி, வீணாக்கலாகாதென்று யாவற்றையும் தின்று முடித்ததை நான் கண்ணாரக் கண்டிருக்கின்றேன். நம் கைபட்ட வடை அடுத்த மேசைக்குச் செல்லுமே என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கவலை. அக்கவலை நியாயமானதே. ஆயினும் உண்டவன் பொய் சொல்லான் என்ற நம்பிக்கையின்மேல் இம்முறை நின்றது என்பதையும் நோக்கவேண்டும். மாணவர்க்குக் கடன்கொப்பியும் இருந்தது. அதில் என் பெயருக்கு நேரே இருந்த தொகையை இங்கே வெளியிடுதல் அவசியமன்று.

இத்துணை நம்பிக்கை நிலவிய இடத்திலே எல்லோருக்கும் இடமிருந்ததா என்று இன்றைய மாணவர் கேட்டால், இல்லை என்பதே விடை. இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

நம் வீடுகளிலே மூக்குப்பேணி என்றொரு பாத்திரம் இருந்தது. பக்கத்தே சிறு மூக்குடைய பித்தளைப் பேணி அது. உதட்டிற் படாமல் அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொள்வதற்கென்றே அமைந்தது. தண்ணீரும் மோரும் அவ்வாறு குடிக்கலாம். தண்ணீர்ப்பந்தலிலே கையை ஏந்தியும் குடிக்கலாம். கொதிக்கும் தேநீரை அவ்வாறு குடித்தல் இயலாது. குவளையின் விளிம்பை உதட்டில் வைத்தே உறிஞ்சவேண்டும். ஆகவே தேநீர்க்கடையிலே, தனக்கு முன்னர் இக்குவளையில் வாய்வைத்தவன் யார் என்ற கேள்வி எழுந்தது. நம் சமூகத்திலே நெடுங்காலமாக ஊறிக்கிடந்த நோய் புதியதொரு பானத்தின் வழியாகப் புதியதோர் உருவில் வெளிப்பட்டது என்பது என் எண்ணம். தாழ்த்தப்பட்டோர் கடையின் வாங்கிலே இருத்தலாகாது. வெளியே நிற்கவேண்டும், அன்றேல் நிலத்திலே குந்தவேண்டும். அவர்களுக்குத் தேநீர் போத்தலிலும் தகரப்பேணியிலும் சிரட்டையிலும் கொடுக்கப்பட்டது. காசு மட்டும் அதே காசு. உள்ளேயிருந்தோர் கடித்துக் குடித்த பனங்கட்டியைக் காய்ச்சியவர்கள் பெரும்பாலும் அவ்வெளியே நின்றவர்களின் வீட்டாரே என்பதை அன்று எவரும் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

1965ஆம் ஆண்டு என நினைக்கின்றேன். நாம் நண்பர் நால்வர் சைக்கிளிலே ஒரு கோயிற் கொடியேற்றத்துக்குச் சென்றோம். இடைவழியில் ஒரு சந்தி. வெயிலோ கடுமை. தேநீர் குடிக்கலாமென்று இறங்கினோம். நால்வருள் ஒருவர், கணிதத்திலே எம் வகுப்பின் முதல்வர், இறங்கியவிடத்திலேயே நின்றுவிட்டார். “நீங்கள் குடிச்சிட்டு வாங்கோடா. நான் சைக்கிளுகளைப் பார்க்கிறன்” என்றார். அக்காலத்திலே அந்தச் சந்தியிற் சைக்கிள் களவு போவதில்லை. அதை நாம் நால்வரும் அறிவோம். அச்சந்தி அவர் ஊருக்கு அண்மையிலுள்ளது. கடைக்காரன் அவர் தகப்பனாரை அறிவான். கல்லூரியிலே ஒரே வாங்கில் அருகருகே இருந்த நாம், அன்று மூவராய் உள்ளே சென்று தேநீர் குடித்து, ஒருவருக்கொருவர் முகங்கொடாமல் வெளியே வந்தோம். அவருக்கென ஒரு வாய்ப்பனைக் கடதாசியிற் சுற்றிக் கொண்டுவந்தேன். அவர் அதை வாங்கிச் சைக்கிளின் பின்காவியில் வைத்தார். உண்டாரோ என்று நான் கேட்கவில்லை.

ஒரே வாங்கில் இருந்தோம் என்றேனே, அதுவும் இலேசிற் கிட்டியதன்று. 1924ஆம் ஆண்டளவிலே தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் சம ஆசனத்துக்கும் சமபந்திப் போசனத்துக்கும் குரல் கொடுத்தனர். பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படவேண்டுமென 1930ஆம் ஆண்டையொட்டி வற்புறுத்தப்பட்டபோது, சில பாடசாலைகள் தீக்கிரையாயின. வகுப்பறை அவ்வாறு திறந்து முப்பதாண்டுகள் கழிந்தும் கடை திறக்கவில்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரை உணவுச்சாலைக்குள் வரவிடாது தடுத்தலைக் குற்றமாக்கிற்று. சிறுபான்மைத் தமிழர் மகாசபையினரின் முயற்சியாலே நகரத்துக் கடைகள் சில அக்காலத்திலேயே கதவைத் திறந்தன. ஊர்ச்சந்திகளிலோ சட்டம் ஏட்டளவில் நின்றது. நான் மேலே கூறிய சம்பவம் அச்சட்டம் நிறைவேறி எட்டாண்டுகளின் பின்னர் நிகழ்ந்தது என்பதைக் கவனிக்க.

1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலமொன்று புறப்பட்டது. பொலிசார் தாக்கியும் அது கலைந்துபோகவில்லை. மறுவருடம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. சங்கானை, அச்சுவேலி, நெல்லியடி, சாவகச்சேரி முதலிய இடங்களிலே தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. கடைக்குள் நுழைந்து வாங்கிலே இருந்து ஒரு குவளை தேநீர் கேட்பது மாத்திரமே அப்போராட்டம். அதற்காக அடிபட்டோரும் உயிர் துறந்தோரும் உளர். கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் (1972) அக்காலத்தையே களமாகக் கொண்டது. 1971ஆம் ஆண்டிலே சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனையுங் கடுமையாக்கப்பட்டது. மெல்ல மெல்லப் போத்தலும் சிரட்டையும் கடைகளினின்றும் மறைந்தன. இவை மறைந்தமைக்கு நம் கல்லூரிகளில் நாம் கற்ற கல்வியே காரணம் என்று பெருமை பேசுவாரை நான் கேட்டிருக்கின்றேன். அன்று மூவராய் உள்ளே சென்றவருள் ஒருவனாகிய என்னால் அவ்வாறு பேச இயலாது. கிணற்றடியிலும் திருமணப் பேச்சிலும் இந்நோய் முற்றாக ஒழிந்தது என்றுஞ் சொல்லேன்.

இனி, வேறோர் இழப்பையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாண நகரிலே ஐந்துசந்திப் பக்கத்தில் முஸ்லிம்கள் நடத்திய கடைகளின் றொட்டியை, வீட்டுக்குத் தெரியாமற் சென்று உண்டு திரும்பிய சைவப்பிள்ளைகள் நம்மிற் பலர். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே வடமாகாணத்து முஸ்லிம்கள் யாவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அக்கடைகளின் அடுப்புகளும் அவிந்தன. போர் முடிந்தபின் சிலர் மீண்டுவந்தனர். இப்போது மாலையானதும் எந்தச் சந்தியிலும் இரும்புத்தகடுகள் தாளமிடும் ஓசையோடு கொத்துறொட்டி ஆயத்தமாகின்றது. கிழக்கிலிருந்து வந்த பண்டம் என்பர். அவ்வோசைக்குப் பயந்து நான் அப்பக்கம் போவதில்லை.

பொருளாதாரத் தடைக்காலத்துச் செய்தி பலரும் அறிந்ததே. மண்ணெண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை, சீனி பொன்விலை. பனங்கட்டி மீண்டும் அரசு செலுத்தியது. கடைகள் விறகடுப்பில் ஓடின.

இன்றைய மாற்றங்களுள் என் மனதுக்கு உவந்தது ஒன்று. அக்காலக் கடைகளிலே பெண்களைக் காணல் அரிது. குடும்பத்தோடு வருவோருக்குத் திரைச்சீலை தொங்கவிட்ட சிறு அறை சில கடைகளில் இருந்தது. சமைப்போரும் பரிமாறுவோரும் ஆடவரே. இப்போது வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவிலே பெண்கள் நடத்தும் ‘அம்மாச்சி’ உணவகங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. வருவோர் கண்முன்னே தோசை வார்க்கின்றனர். குரக்கன் பிட்டும் இலைக்கஞ்சியும் ஒடியற் கூழும் விலைக்குக் கிடைக்கின்றன. சோறு விற்றல் இழிவென்ற பாட்டன்மாருக்கு அடுத்தபடியாக, வீட்டுச் சமையலுக்கு விலையிட முடியாதென்ற தந்தைமாரும் இதனைக் காணாமற் போய்விட்டனர்.

சென்ற ஆண்டு கனடாவிலிருந்து நம் கணித முதல்வர் வந்திருந்தார். திருநெல்வேலி அம்மாச்சியிலே காலை உணவருந்திவிட்டு, அவர் விருப்பப்படியே அந்தப் பழைய சந்திக்குச் சென்றோம். பழைய கடை இருந்தவிடத்திலே கைத்தொலைபேசி திருத்துகின்றார்கள். எதிர்ப்புறத்திலே ஒரு தேநீர்க்கடை இருந்தது. மோட்டாரை நிறுத்தி இறங்கியதும் அவர் வாசலிலே நின்றார். “இப்ப ஆர் சைக்கிளுகளைப் பார்க்கிறது?” என்றார். அறுபது ஆண்டுகளில் அவர் அதுபற்றிப் பேசியது அவ்வொரு முறைதான். எனக்கு மறுமொழி வரவில்லை. பிறகு அவரே முன்னால் நடந்து உள்ளே சென்று, நடுவாங்கில் இருந்துகொண்டு, இரண்டு பிளேன் ரீ சொன்னார். பனங்கட்டி இல்லை என்றார் கடைக்காரர். தேநீரிற் சீனி சற்று மிகுதி.